பத்தாங்கட்டையில் முப்பத்தெட்டுத் தலை

ரெங்கசாமிக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது தங்க இடம் தருகிறோம் என்றால் போதும், துண்டை விரித்து அங்கேயே மல்லாந்து படுத்துவிடுவான். கூரையில் எங்கே வெளிச்சம் தெரிகிறது, மழை வந்தால் எங்கே ஒழுகும் என்று பார்த்த பிறகுதான் எழுந்து வெற்றிலை பாக்கு கொடுப்பான். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு வீட்டில் பெண்கள் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் காலடியில் இப்படிக் கிடந்தான். கூடப் போன எனக்குத்தான் மானம் போயிற்று.

கிள்ளானில் அவன் ரோட்டு மண்டோர். மூன்றாங்கட்டையிலிருந்து ஆறாங்கட்டை வரை ரோட்டில் எங்கே குழி விழுந்தாலும் அவனும் அவனுடைய ஆட்கள் பன்னிரண்டு பேரும் கல் கொட்டி அடைக்க வேண்டும். மைலைக் கட்டை என்று சொல்வதுதான் எங்கள் வழக்கம். நான் அதே அலுவலகத்தில் கிராணி. வந்தவன் யார், வராதவன் யார் என்று பெயர் எழுதுவது என் வேலை. எண்ணிக்கை விஷயத்தில் நான் கொஞ்சம் முரடன். ஒரு தலை கூடினாலும் குறைந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. இதை வைத்து ரோட்டு ஆட்கள் என்னைக் கேலி செய்வதும் எனக்குத் தெரியும்.

ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குக் கிள்ளானிலிருந்து பத்துமலைக்கு நடந்து போகும் கூட்டத்துக்கு ரெங்கசாமிதான் வழி போடுவான். எந்த இடத்தில் கஞ்சி, எந்த இடத்தில் படுக்கை, எந்தக் கிணற்றில் தண்ணீர் குடிக்கலாம், எதில் குடிக்கக்கூடாது, எல்லாம் அவன் தலைக்குள் இருக்கும். அதைத் தாளில் எழுதுவது நான். முப்பது கட்டை தூரம். காவடியும் பால்குடமும் பிள்ளைகளும் வயதானவர்களும் சேர்ந்து போகும்போது மூன்று நாளாகும். முதல் இரவு பதினோராங்கட்டையில் சீனர்களின் மரக்கொட்டகை. இரண்டாவது இரவு பிரிக்ஃபீல்ட்ஸ். மூன்றாம் நாள் பத்துமலை.

நான் சொல்ல வந்தது 1908ஆம் வருஷத்து நடை. அதற்கு முந்திய மாதம் பெய்த மழையில் ஆறு பெருகி அந்த மரக்கொட்டகை அடியோடு போய்விட்டது. முதல் நாள் எங்கே படுப்பது என்று எல்லோரும் விழித்தபோது, நான் கொஞ்சம் பெரிய மனுஷத்தனம் காட்டினேன். பத்தாங்கட்டை ரப்பர் தோட்டத்துக் கிராணி எனக்குத் தெரிந்தவர். யாரையும் கேட்காமல் அவருக்கு ஒரு கடிதம் எழுதி, தோட்டத்து லயத்தில் ஓர் இரவு தங்கத் துரையிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். அதை ரெங்கசாமியிடம் சொன்னபோது சபாஷ் என்பான் என்று எதிர்பார்த்தேன்.

"அங்க வேணாம் கிராணியாரே. பதினாலாங்கட்டைக்குப் போயிரலாம்."

பெண்களும் பிள்ளைகளும் ஒரே நாளில் பதினாலு கட்டை எப்படி நடப்பார்கள் என்று கேட்டேன். பத்தாங்கட்டைக்கும் பதினாலாங்கட்டைக்கும் நடுவில் சதுப்புக்காடு. மார்கழியில்தான் அங்கே விறகு வெட்டப் போன ஒரு சீனனைப் புலி இழுத்துக்கொண்டு போயிருந்தது. பொழுது சாய்ந்த பிறகு அந்த வழியில் யார் கால் வைப்பார்கள்? கூட்டத்தில் ஒருத்தர்கூட அவன் பக்கம் பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது இருவரும் வெற்றிலை பாக்கோடு அந்தத் தோட்டத்துக்குப் போனோம். லயத்துக்குப் பொறுப்பு வெள்ளைச்சாமிக் கங்காணி. நல்ல உயரம், கையில் எப்போதும் ஒரு பிரம்பு. ஊரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியவர் அவர்தான் என்பதால், ஆட்கள் ஓடிப்போனாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரு காலி அறை வரிசையைக் காட்டினார். ரெங்கசாமி வழக்கம்போல் படுத்துக் கூரையைப் பார்த்தான்.

கங்காணி என்னிடம் துரையின் நிபந்தனையைச் சொன்னார். எத்தனை தலை உள்ளே வருகிறதோ அத்தனை தலைதான் வெளியே போக வேண்டும். சாமி கும்பிடப் போகிற கூட்டத்தோடு தோட்டத்து ஆள் யாராவது நழுவிவிடுவானோ என்று துரைக்குச் சந்தேகம். நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒப்பந்தம் முடியப் பதினான்கு மாதம் இருக்கும்போது ஒரு பெண் ஓடிப்போனாளாம். அதற்காகத் துரை எல்லா ஆட்களுக்கும் முன்னால், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில், கங்காணியின் கன்னத்தில் அறைந்தாராம். அவள் பேரில் வாரண்டு இன்னும் இருக்கிறது என்றார். வாரண்டைவிடத் தன் கைக்கு அவள் கிடைக்க வேண்டும் என்பதுதான் தன் ஆசை என்று, பிரம்பை மடக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அப்போது அவர் மனைவி சீதாலெட்சுமி எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். செம்பை நீட்டிய கையின் மணிக்கட்டு கோணலாக இருந்தது. எப்போதோ ஒடிந்து, சரியாகக் கட்டாமல் விட்ட கை. ரெங்கசாமி இன்னும் எழுந்திருக்கவில்லை. கூரையில் அப்படி என்ன ஓட்டையைக் கண்டுபிடித்தான் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்தது கூரையை அல்ல என்பது எனக்கு அன்று தெரியாது.

அந்த வருஷம் கூட்டத்தில் ரெங்கசாமியின் மனைவி பவுனம்மாளும் பால்குடம் எடுத்தாள். ஆறு மாதக் கைக்குழந்தைக்கு வலிப்பு வந்து, மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு, நடந்தே வந்து குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவள். பிள்ளை பிழைத்துவிட்டான். இனி வேண்டுதலை எப்படித் தள்ளிப்போடுவது? குடம் வெறுங்குடம்தான். பாலைப் பத்துமலை ஆற்றங்கரையில்தான் ஊற்றுவோம். ஆனால் மூன்று நாளும் அதைத் தரையில் வைக்காமல் சுமக்க வேண்டும், அல்லது வேறொரு கைக்கு மாற்ற வேண்டும். கிள்ளான் கோயிலில் கற்பூரம் ஏற்றும்போது, மலை சேரும்வரை பேசமாட்டேன் என்று அவள் மௌன விரதமும் எடுத்துக்கொண்டாள். பெரிய பக்திதான் என்று பெண்கள் வியந்தார்கள்.

பட்டியல் எழுதும்போது எனக்கும் ரெங்கசாமிக்கும் சண்டை. பெண்களின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும் என்றான். சரி என்று விட்டுக்கொடுத்தேன். கைக்குழந்தையைச் சேர்த்து முப்பத்தெட்டு என்று எழுதினேன். பாயும் வேண்டாம், சோறும் வேண்டாம், முதுகில் துண்டில் தொங்குகிற பிள்ளையை எதற்கு எண்ணுகிறீர்கள் என்று கேட்டான். உயிர் இருந்தால் ஒரு தலைதான் என்று நான் சொல்லிவிட்டேன்.

விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறும்போது ஏழாங்கட்டைக்கு வந்துவிட்டோம். கஞ்சி குடித்துவிட்டு எல்லோரும் மரத்தடியில் சாய்ந்திருந்தார்கள். ரெங்கசாமி என்னைத் தனியே கூப்பிட்டான். யாரும் பின்னால் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"அந்தக் கங்காணி தேடுற பொம்பளை பவுனுதான் கிராணியாரே."

அப்போது அவனுக்குப் பத்தாங்கட்டைப் பக்கம் வேலை; தோட்டத்துக்கு வெளியே ரோட்டோரம் கல் கொட்டிக்கொண்டிருந்தபோது அவளைப் பார்த்தானாம். வடிகாலில் மண் அள்ளிக்கொண்டிருந்தவள். ஆறு மாதம் வெறும் பார்வை. பிறகு ஒரு நாள் கல்வண்டியில் சாக்குக்கு அடியில் படுக்க வைத்துக் கிள்ளானுக்குக் கொண்டுவந்துவிட்டான். கங்காணிக்கு அவனைத் தெரியாது. ஆனால் அவளைத் தெரியும், லயத்தில் எல்லோருக்கும் அவளைத் தெரியும்.

பிடித்தால் அவளுக்கு ஜெயில், மறைத்து வைத்த அவனுக்கு ஜெயில், பட்டியல் எழுதிய எனக்கு வேலை போகும். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று அவன் மேல் பாய்ந்தேன். "நீங்க எழுதிட்டு வந்துல்ல சொன்னீங்க" என்றான். கூட்டத்தில் சொல்லி வழியை மாற்றலாம் என்றால், முப்பது வாயில் ஒரு வாயாவது நாளைக்குக் கிள்ளான் கடைத்தெருவில் திறக்கும்.

அவன் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான். குரல் தெரியாமல் இருக்கத்தான் மௌன விரதம். முகம் தெரியாமல் இருக்க, தூறலுக்கும் வெயிலுக்குமாகப் பெண்கள் எல்லோரும் முக்காடு போட்டுக்கொள்ளும்படி காலையிலேயே சொல்லிவிட்டான். படுக்கையில் அவளுக்குச் சுவரோரம், விளக்கு எட்டாத மூலை. அந்த மூலையைத்தான் அன்று படுத்துக்கொண்டே பார்த்திருக்கிறான். நான் செய்ய வேண்டியது, பட்டியலைக் காட்டிக் கங்காணியைப் பேச்சில் பிடித்து வைப்பது. அவ்வளவுதான். நானும் நாலு தடவை யோசித்துப் பார்த்தேன். எங்கும் ஓட்டை தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்துக்குத் தோட்டத்து வாசலில் நின்றோம். கங்காணி எண்ணினார். நான் வழக்கப்படி வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், அந்த முதுகில் இருக்கிற பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். முப்பத்தெட்டு என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். லயத்து வாசலுக்கு வந்ததும்தான் எனக்கு உயிர் போயிற்று.

லயத்துப் பெண்கள் வரிசையாக மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தார்கள். வேண்டுதலோடு நடந்து வருகிறவர்களின் காலைக் கழுவி, அந்தத் தண்ணீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குள் விடுவது. எந்த ஊரிலும் உள்ள வழக்கம். மரக்கொட்டகையில் சீனர்கள் யார் காலையும் கழுவியதில்லை; அதனால் எங்கள் இருவருக்கும் அது நினைவுக்கே வரவில்லை. குரலை மறைத்தோம், முகத்தை மறைத்தோம். காலை மறந்துபோனோம்.

பவுனம்மாளின் இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. இதே தோட்டத்தில் புல் வெட்டும்போது மண்வெட்டி பட்டுப் போனது. இதை ரெங்கசாமி என் காதில் சொல்லும்போது அவன் மூச்சு சூடாக அடித்தது. வரிசையில் அவளுக்கு முன்னால் நான்கு பேர்தான். விலகி நின்றால் பால்குடக்காரி ஏன் காலைக் காட்டமாட்டேன் என்கிறாள் என்ற கேள்வி வரும். நான் கங்காணியின் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக எதையோ கேட்டேன். அவரோ விளக்கை எடுத்துக்கொண்டு, கால் கழுவுகிற இடத்துக்கே வந்து நின்றார்.

அவள் முறை வந்தது. கழுவ உட்கார்ந்தவள் சீதாலெட்சுமி. வலது காலைக் கழுவினாள். இடது காலை எடுத்துத் தன் முழங்காலில் வைத்தாள். அவள் கை அப்படியே நின்றது. வெட்டுப்பட்ட அன்று அந்தக் காலுக்குச் சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துக் கட்டுப் போட்டவளே அவள்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் மேலே குடம் ஆடுவதை மட்டும் பார்த்தேன்.

சீதாலெட்சுமி நிமிர்ந்து பார்க்கவில்லை. மஞ்சளைக் குழைத்து அந்தப் பாதத்தில் கெட்டியாக அப்பினாள். தன் முந்தானையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"விளக்கை அங்கிட்டுக் கொண்டு போங்க. கொப்புளம் ஒடைஞ்சிருக்கு, கட்டணும். ஆம்பளை பாக்குற எடமா இது?"

கங்காணி முனகிக்கொண்டு விளக்கோடு விலகினார். அவள் நிதானமாகக் கட்டினாள். குனிந்தபடியே ஏதோ சொன்னது போலிருந்தது. உதடு அசைந்தது தெரிந்தது, சொல் கேட்கவில்லை. பிறகு அந்தக் காலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்தவளைக் கூப்பிட்டாள். ரெங்கசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டேன். அன்று இரவு நான் கண்ணை மூடவில்லை. வெளியே பிரம்பு தட்டும் சத்தம் கேட்கும் போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன்.

பெரட்டுக்கு முன்பே, இருள் பிரியாத நேரத்தில் புறப்பட்டோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வாசலில் கங்காணி பிரம்பால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். நான் பக்கத்தில் நின்றேன். கடைசியாக ரெங்கசாமி, மழைக்காக முதுகில் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு குனிந்தபடி வந்தான். முப்பத்தேழு. நான் முப்பத்தெட்டு. சரியாக இருக்கிறது என்று கங்காணி தலையாட்டினார். ரோட்டில் ஏறியதும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

கால் கட்டை தூரம் நடந்திருப்போம். என் பாழாய்ப்போன புத்தி சும்மா இருக்கவில்லை. கங்காணி கடைசியில் தொட்டது ரெங்கசாமியின் தலை, பிறகு என் தலை. சாக்குக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை அவர் எண்ணவே இல்லை. அப்படியென்றால் முப்பத்தேழுதானே வந்திருக்க வேண்டும்? நின்று திரும்பி எண்ணினேன். இன்னொரு முறை எண்ணினேன். பிள்ளையோடு முப்பத்தொன்பது.

பெண்கள் நடுவில் பவுனம்மாள் கட்டுப்போட்ட காலோடு நடந்துகொண்டிருந்தாள். அவள் தலையில் குடம் இல்லை. பக்கத்தில் அவளுடைய இன்னொரு மஞ்சள் சேலையைக் கட்டி, முக்காட்டை இழுத்துவிட்டு நடந்தவளின் தலையில் இருந்தது. குடத்தைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டு கோணலாக இருந்தது.

நான் ரெங்கசாமியை ரோட்டோரம் தள்ளிக்கொண்டு போனேன். எங்கள் மூவருக்கு இருந்த ஆபத்தை முப்பத்தெட்டுப் பேருக்கும் ஆக்கிவிட்டாயே, கங்காணி ஏற்கெனவே புலி, இப்போது அதன் வாலைவேறு மிதிக்கிறாயா என்று கேட்டேன். அவன் அழுதுவிடுவான் போலிருந்தது.

"பவுனு ஓடுன அன்னைக்கு அவர் துரைகிட்ட ஒரு அறை வாங்கினாரு. அதை நாலு வருஷமா இந்தம்மாகிட்ட திருப்பிக் குடுத்துக்கிட்டு இருக்காராம். கெளம்புறப்ப இந்தம்மாவே சொல்லுச்சு. கட்டுப் போடும்போது கேட்டுச்சாம், என்னையும் கூட்டிட்டுப் போறியான்னு. இவ பேசாம தலைய ஆட்டிட்டா. நான் என்ன செய்யட்டும்?"

அந்தக் கையை நானும் பார்த்தவன்தான். கோபம் இறங்காமலே கூட்டத்தோடு சேர்ந்து நடந்தேன்.

அந்த நேரத்தில் தோட்டத்தில் மணி அடித்தது. தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு அடிக்கிற பெரட்டு மணி. அடித்து ஓய்ந்தது. நாங்கள் நடந்தோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது, இந்த முறை நிற்காமல், தாறுமாறாக. பெரட்டு மணியை இரண்டாம் முறை அடித்தால் ஆள் குறைகிறது என்று அர்த்தம். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியும்.

சீதாலெட்சுமி நடுரோட்டில் நின்றுவிட்டாள். குடம் சரிந்தது. திரும்பிப் போய்விடுகிறேன், கையிலும் காலிலும் விழுந்து கேட்டுக்கொள்கிறேன் என்று அவள் முனகுவது எனக்கே கேட்டது. மற்ற பெண்கள் என்ன, என்ன என்று சுற்றி வந்தார்கள். இன்னும் ஒரு நிமிஷம் அங்கே நின்றால் எல்லாம் வெளியே வந்துவிடும். ரெங்கசாமி அசையவில்லை, நானும் அசையவில்லை.

பவுனம்மாள் குடத்தைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"நடங்கக்கா. மணிய அங்க உள்ளவங்களுக்குத்தான் அடிக்கிறாங்க. நாம வெளிய வந்துட்டோம்."

மலை சேரும்வரை பேசமாட்டேன் என்று பிள்ளைக்காகக் கற்பூரத்தின் மேல் சொன்னவள். ரெங்கசாமி சாக்கை விலக்கி, பிள்ளையின் மூக்கில் கை வைத்துப் பார்த்தான். அதன் பிறகு பத்துமலை வரை, இருபது அடிக்கு ஒருமுறை அப்படி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். விரதம் முதலில் சூழ்ச்சிக்காக எடுத்ததுதான். ஆனால் சாமி அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்?

அந்த இடத்திலேயே அவன் வழியை மாற்றினான். ரோட்டை விட்டு ஈயச் சுரங்கத்துப் பழைய வண்டித்தடத்தில் இறக்கினான். மதியக் கஞ்சியை ரத்து செய்தான். காரணம் கேட்டவர்களிடம் ரோட்டில் பாலம் உடைந்துவிட்டது என்றான். ரோட்டு மண்டோர் சொன்னால் யார் மறுப்பார்கள்? சேற்றில் முழங்கால் வரை இறங்கி, பட்டினியாக, அவனைத் திட்டிக்கொண்டே எல்லோரும் நடந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் அவன் அன்று படுத்துப் பார்த்த வீட்டில் தங்கவில்லை. கங்காணி முதலில் வந்து கேட்பது அந்த லயத்தில்தான் என்று சொல்லி, நேரே மலைக்குக் கூட்டிப் போனான். மறுநாள் ஆற்றங்கரையில் இரண்டு பெண்கள் ஒரே குடத்தில் பால் ஊற்றி எடுத்துக்கொண்டு படியேறினார்கள். திரும்பும்போது எண்ணினேன். முப்பத்தெட்டு. சீதாலெட்சுமியை எங்கே விட்டான் என்று நான் அவனைக் கேட்கவில்லை. தெரிந்தால் எங்காவது எழுதி வைத்துவிடுவேனோ என்று என் கையை நினைத்து எனக்கே பயம்.

எட்டு நாள் கழித்து வெள்ளைச்சாமிக் கங்காணி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஜன்னலுக்கு வெளியே ரெங்கசாமி ஆட்களுக்கு மண்வெட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கங்காணி என் எதிரே உட்கார்ந்து பட்டியலைக் கேட்டார். எடுத்துக் காட்டினேன். முப்பத்தெட்டுப் பேர் வந்தோம், முப்பத்தெட்டுப் பேர் போனோம், நீங்களேதான் எண்ணினீர்கள் என்றேன். அவர் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"வர்றப்ப ஒரு கைப்பிள்ளைய எண்ணச் சொன்னீங்களே கிராணியாரே. போறப்ப அதை நான் எண்ணினேனா?"

பேனாவைக் கீழே வைத்தேன். இருபது வருஷமாகத் தலை எண்ணிக்கையில் நான் பொய் சொன்னதில்லை.

"எண்ணினீங்க. நான் பக்கத்துலதானே நின்னேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, கிராணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லி எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி நின்று, அடுத்த வருஷமும் தன் லயத்தில்தான் தங்க வேண்டும் என்றும், தன் கையாலேயே எண்ணி விடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் ரெங்கசாமி முதல் நாளைக்குப் பதினாலு கட்டை போட்டான். நான் மறுக்கவில்லை. விளக்குகளையும் தப்பட்டையையும் கூட எடுத்துக்கொண்டு, புலிக்குப் பயந்து கூட்டமாக ஒட்டி நடந்தோம். பத்தாங்கட்டை வாசலைத் தாண்டும்போது தப்பட்டையை நிறுத்தச் சொன்னான். ஒன்றரை வயதுப் பிள்ளை அவன் தோளில் விழித்துக்கொண்டிருந்தது. அதன் வாயைத் துண்டால் மெல்லப் பொத்திக்கொண்டான். வாசல் தாண்டிய பிறகும் அவன் கையை எடுக்கவில்லை. பிள்ளை திமிறுகிறது, கையை எடு என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.